பக்கத்து சீட்டுக்காரர்

போன வாரம் ஒரு வீட்டில் மகள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அந்தக் கதவு ஆடி அடங்குவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நியாயம் அவள் பக்கம்தான். வீட்டில் மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டு அவளைத்தான் பிடிவாதக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். சரக்கு லாரி கம்பெனியில் பல வருடமாகச் சின்ன வண்டி ஓட்டுகிறாள். பெரிய லாரிக்கான லைசென்ஸும் எடுத்துவிட்டாள். அவளோடு லைசென்ஸ் எடுத்த இரண்டு பையன்களுக்கு முதலாளி மறுநாளே சாவியைத் தூக்கிக் கொடுத்தார். இவள் முறை வந்தபோது மட்டும் தாடையைச் சொறிந்தார்.

"பொம்பளைப் பிள்ளையைத் தனியா அனுப்ப மனசு வரல. உங்கப்பா வீட்ல சும்மாதானே இருக்காரு. பக்கத்துல உக்காந்து வரட்டும். ஒரு ட்ரிப் ஒழுங்கா போய்ட்டு வந்தா வண்டி உனக்குத்தான்" என்றார்.

இந்தத் தீர்ப்பை வீட்டுக்குச் சுமந்து வந்தவன் அவள் அண்ணன். அதே கம்பெனியில், எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிறவன். என்னவோ லாட்டரி விழுந்தது போல வந்து சொன்னான். அம்மா, "கிடைக்குதேன்னு வாங்கிக்க" என்றாள். "சும்மாதானே இருக்காரு" என்ற வார்த்தைக்கு முதலில் கோபப்பட்டிருக்க வேண்டியவர் அப்பா. அவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டையை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டிய மனிதர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "போதும், ஓட்டினது போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா பாத்திரத்தோடு சமையலறையில் திரும்பினால் "பின்னால இடமிருக்கு, வரலாம் வரலாம்" என்கிறார். அம்மாவுக்கும் ஒரு நாளாவது இவரை யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

ஆக, மகள் கதவை அறைந்து சாத்தினாள். பிறகு யோசித்தாள். பெரிய லாரி வேண்டும். அதற்கு வேறு வழி தெரியவில்லை. காலையில் எழுந்து, "கிளம்பலாம்ப்பா" என்றாள்.

கம்பெனி முற்றத்தில் லாரி நின்றது. டைல்ஸ் பெட்டிகள் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. அவள் டயர்களைத் தட்டிப் பார்த்து, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தால், அப்பா டிரைவர் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அந்தப் பக்கம்ப்பா."

"தெரியும் தெரியும். கதவு சரியா சாத்துதான்னு பாத்தேன்" என்றபடி வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற அண்ணன், "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கங்கப்பா" என்றான். தங்கையை ஒரு வார்த்தை வாழ்த்தவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை, கியரைப் போட்டாள்.

பக்கத்து சீட்டில் இன்னொரு டிரைவரை உட்கார வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? அதைவிடக் கொடுமை கிடையாது. அவர் காலுக்குக் கீழே வெறும் தகரத்தரை. ஆனால் முன்னால் போகிற வண்டி லேசாக வேகம் குறைத்தால் போதும், அந்தத் தரையை ஓங்கி மிதித்தார். வளைவு வந்தால் இவள் திருப்புவதற்கு முன்னால் அவர் தோள் திரும்பியது. போதாக்குறைக்கு நிமிடத்துக்கு ஒரு தரம் முன்னால் குனிந்து பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தார்.

"அப்பா, சாஞ்சு உக்காருங்க. நீங்க குனிஞ்சா எனக்குக் கண்ணாடி மறைக்குது."

"நான் பாத்துச் சொல்றேன்ல?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

சாய்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி குனிந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தக் காலை பிடித்திருந்தது. லாரி அவள் சொன்னபடி கேட்டது. சுமையோடு ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது, இறக்கத்தில் அடம்பிடிக்காமல் இறங்கியது. ஒரு முறை எதிரே பஸ் ஒன்று கண்மண் தெரியாமல் வந்தபோது, பதறாமல் ஓரம் கட்டி வழிவிட்டாள். அப்பாவின் கால் தரையை மிதிக்கவே மறந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். நல்லா இருக்கு, பரவாயில்லை, ஏதாவது ஒன்று. அவர் எதிர்ப் பக்கம் போன லாரிகளை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, திரும்பி வரும்போது சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

குடோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது இறக்குகிற மேடையில் ஒரே ஒரு இடம்தான் காலி. இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில். வாசல் குறுகல், உள்ளே ஒரு தூண் வேறு. அப்பா வாயைத் திறப்பதற்குள் அவள் பின்கியர் போட்டுவிட்டாள். இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி, கொஞ்சம் ஒடித்து, கொஞ்சம் நேராக்கி, ஒரே எடுப்பில் கொண்டுபோய் மேடையோடு சேர்த்தாள். முன்னே எடுத்துத் திருத்த வேண்டியதுகூட வரவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

பிறகு இறங்கிப் பின்பக்கம் போய்த் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அப்பா முன்பக்கம் இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்றார்.

குடோன் மேஸ்திரி மேடையிலிருந்து குதித்து நேராக அவரிடம் வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன டிரைவரே! இந்த இடத்துல எங்க ஆளுங்களே மூணு தடவை முன்ன பின்ன எடுப்பானுங்க. ஒரே எடுப்புல ஏத்திட்டீங்களே! பழைய கை பழைய கைதான்!"

கயிற்றைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். அப்பா இப்போது சொல்வார். நான் இல்லைய்யா, என் பொண்ணு. நான்கே வார்த்தை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அப்பா சிரித்தார். உச்சி குளிர்ந்து போன சிரிப்பு.

"எல்லாம் பழக்கம்தான்" என்றார்.

மேஸ்திரி அவர் தோளில் கைபோட்டு டீ குடிக்க அழைத்துப் போனார். போகிற போக்கில் இவளைப் பார்த்து, "ஏம்மா, கயித்தைச் சீக்கிரம் அவுரு, ஆளுங்க காத்திருக்காங்க" என்றார். அப்பாவின் காதில் அதுவும் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வழிப்போக்கன் யாரோ செய்திருந்தால் மறந்துவிடலாம். முதலாளி செய்திருந்தால் திட்டித் தீர்க்கலாம். பெற்ற அப்பா செய்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சரக்கு இறக்கி முடித்துத் திரும்பும்போது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடிப் பக்கம் குனியவில்லை.

கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?"

"என்னம்மா?"

"அந்தாளு கையைக் குலுக்கினப்ப. ஓட்டினது நான்னு சொல்ல வாய் வரலையா?"

"அட, அவன் ஏதோ ஆசைக்குச் சொன்னான். அவனைப் போய்த் திருத்திக்கிட்டு நிக்கச் சொல்றியா? நமக்கு வேலை முடிஞ்சுது, அவ்வளவுதானே?"

"சப்பைக்கட்டு கட்டாதீங்கப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"எதுக்கு இப்ப இந்தக் கத்து? ரோட்டைப் பாரு."

"ரோட்டைத்தான் காலைலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். நீங்கதான் பாக்கல."

அப்போது அவளுடைய போன் அடித்தது. ஓட்டும்போது போன் எடுக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அப்பா எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அண்ணன் குரல் நெருப்பாக வந்தது.

"அப்பா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? நீங்க எதுக்கு வண்டியைத் தொட்டீங்க?"

"நான் எங்கடா தொட்டேன்?"

"மேஸ்திரி முதலாளிக்குப் போன் பண்ணி, 'உங்க பெரியவர் அசத்திட்டாரு, அவரை ஏன் வீட்ல விட்டீங்க'ன்னு பாராட்டுப் பத்திரமே படிச்சுட்டான். உங்களுக்கு லைசென்ஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எங்கயாவது உரசியிருந்தா இன்சூரன்ஸ்காரன் ஒரு பைசா தருவானா? வண்டியை உங்க கைல கொடுத்தவளுக்கு இனிமே சின்ன வண்டிகூடக் கிடையாதுங்கறாரு முதலாளி. நேரா ஆபீசுக்கு வாங்க. சாவியை மேஜைல வைக்கச் சொல்லிட்டாரு."

"டேய், அவதான்டா ஓட்டினா..."

"மேஸ்திரிகிட்ட நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே!"

போன் அணைந்துவிட்டது. அப்பா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மகள் வண்டியை ஓரம் கட்டவில்லை, அழவில்லை. கியரை மட்டும் கொஞ்சம் பலமாக மாற்றினாள்.

முதலாளியின் அறை மாடியில். ஜன்னலைத் திறந்தால் முற்றமும் லாரிகளும் தெரியும். அவர் கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அவர் கனிவாக இருந்தார். அந்தக் கனிவுதான் எனக்குத் தாங்கவில்லை.

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லிருக்கலாம்லம்மா. இதுல என்ன வெக்கம்? அப்பாகிட்ட கொடுத்து ஏமாத்தணுமா?"

"நான்தான் ஓட்டினேன். போறப்பவும் நான்தான், வர்றப்பவும் நான்தான். குடோன்ல ஏத்தினதும் நான்தான்."

"அப்புறம் மேஸ்திரி ஏன் இவரைப் பாராட்டுறான்?"

"அதை அவர்கிட்டயும் இவர்கிட்டயும் கேளுங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். "என் பொண்ணுதான் ஓட்டினா. நான் ஸ்டீயரிங்கைத் தொடல."

முதலாளி சிரித்தார். "பெத்த பாசம். எனக்குப் புரியாதா? நானும் ஒரு அப்பன்தான். உங்களைக் குத்தம் சொல்லல பெரியவரே. நீங்க தொழில் தெரிஞ்ச மனுஷன். கை துறுதுறுங்கும்."

"இல்லைங்க, நிஜமாவே..."

"விடுங்க பெரியவரே. பொண்ணுக்காகப் பொய் சொல்லி உங்க மரியாதையைக் கெடுத்துக்காதீங்க."

கேட்டீர்களா? அப்பா சொல்லாமல் விட்டதை உடனே நம்பினார்கள். சொன்னதும் பொய்யாகிவிட்டது. அண்ணன் கதவோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் சாவியை மேஜைமேல் வைத்தாள். முதலாளி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்பாவின் முகம் சுண்டிப் போயிற்று. பிறகு என்ன நினைத்தாரோ, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப என் முன்னாடி எதையாவது காட்டுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"காட்டுங்கன்னா காட்டுங்க!"

முதலாளி மேஜையிலிருந்த கால்குலேட்டரைத் தூக்கிப் பிடித்தார்.

"ஜன்னல் வெளிச்சம் தெரியுது. அதுக்கு முன்னாடி கறுப்பா ஏதோ நிக்குது. கையா பொருளான்னு தெரியல" என்றார் அப்பா. பொத்திய கையை எடுக்காமலே பேசினார். "வலது கண்ணு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. லைசென்ஸை ஏன் புதுப்பிக்கலன்னு நெனைக்கிறீங்க? போதும்னு நானா விடல. விடச் சொன்னாங்க, விட்டேன். ஒத்தைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடல. வீட்ல டம்ளர்ல தண்ணி ஊத்தினாலே பாதி வெளில போகுது. அந்த இடத்துல நான் வண்டியை ஏத்தியிருந்தா ரெண்டு பக்கமும் தேய்ச்சுட்டுத்தான் நின்னிருக்கும். போய்ப் பாருங்க, ஒரு கீறல் இருக்கான்னு."

"அப்பா..." என்றான் மகன். தண்ணீரைச் சிந்துகிறார் என்று தினமும் அவரைத் திட்டுகிற அம்மாவின் நினைவு வந்திருக்கும்.

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு கோபமும் வந்தது.

முதலாளி கால்குலேட்டரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். மனிதர் மனம் இளகிவிட்டது, மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அப்போ, நான் துணைக்கு உக்கார வெச்ச ஆளுக்கே கண்ணு தெரியாதா?" என்றார். "அப்படின்னா இந்த ட்ரிப் செல்லாதும்மா. துணை இல்லாம போன மாதிரிதானே? பரவாயில்ல, நாளைக்கு மெக்கானிக்கைக் கூட அனுப்புறேன். இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு."

மகள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"அவர் ஓட்டினார்னு நெனைச்சப்ப அசத்தலா இருந்துச்சு. நான் ஓட்டினேன்னு ஆனதும் செல்லாதா? அதே லாரி, அதே இடம், அதே ரிவர்ஸ்! அந்த ரெண்டு பசங்க பக்கத்துல எந்த மெக்கானிக் உக்காந்தான்? துணை இல்லாமதான் இன்னைக்குப் போய்ட்டு வந்தேன்னு நீங்களே இப்ப சொன்னீங்க. பத்திரமா வண்டி வந்து நிக்குதா இல்லையா?"

"சத்தம் போடாதம்மா."

"போடுவேன். காலைலேர்ந்து அமைதியா இருந்து என்ன கிடைச்சுது? நாளைக்கும் ஓட்டுறேன். ஆனா பக்கத்துல மெக்கானிக் வேண்டாம். பாத்தாதான் நம்புவீங்கன்னா, நீங்களே ஏறி உக்காருங்க."

சாவியை எடுக்காமலே வெளியே வந்துவிட்டாள்.

முற்றத்தில் லாரியின் படியில் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் அப்பா கைப்பிடியைத் தடவிப் பிடித்து மாடிப்படி இறங்கி வந்தார். அவள் எதிரே வந்து நின்றார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதம்மா, கண்ணு விஷயத்தை."

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லப் போறீங்க. இன்னைக்கே."

அவர் தலையாட்டினார். "என்மேல இன்னும் கோபமா?"

"ஆமா."

"என் கண்ணைக்கூடச் சொல்லிட்டேனேம்மா."

"அதுக்கு நான் அழுதுட்டுதான் இருக்கேன். ஆனா அது வேற, இது வேற. குடோன்ல ஏன் வாயைத் திறக்கல?"

அப்பா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு வருஷமா என்னை ஒருத்தனும் டிரைவர்னு கூப்பிடலம்மா. அவன் கூப்பிட்டான். அந்த ஒரு நிமிஷத்தை விட மனசு வரல."

மகள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை இதுவரைக்கும் யாருமே அப்படிக் கூப்பிட்டதில்லப்பா. இன்னைக்குக் கூப்பிட்டிருப்பாங்க. அதையும் நீங்க வாங்கிக்கிட்டீங்க."

முற்றத்தில் வேறொரு லாரி வந்து நின்று, ஆட்கள் சரக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அண்ணன் மூச்சிரைக்க இறங்கி ஓடிவந்தான். "நாளைக்கு முதலாளியே ஏறுறாராம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா குடோனுக்கு இல்ல. மலைமேல கட்டட வேலை நடக்குதே, அங்க. முழு லோடு சிமென்ட். வேண்டாம்னா இப்பவே சொல்லிடச் சொன்னாரு."

அப்பா நிமிர்ந்தார். "மலையா? முதல் தடவையே முழு லோடோட மலையா? அந்த ரெண்டு பசங்களை மலைக்கு அனுப்பினானா? வேணும்னே கவுக்கப் பாக்குறான்! இருடா, நானே போய்க் கேக்குறேன்!"

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று மாடிப்படியில் ஏற ஆரம்பித்தார்.

"அப்பா, நில்லுங்க!"

"விடும்மா. எனக்கு ரத்தம் கொதிக்குது."

"நீங்க போய்க் கேட்டா, அப்பாவைக் கூட்டிட்டு வந்து பேசினான்னு சொல்லுவாங்க. டிரைவர் நான். நான் கேட்டுக்கறேன்."

பாதிப் படியில் நின்ற அப்பா, கைப்பிடியோடு ஒட்டி ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். அவள் அவரைத் தாண்டி மேலே ஏறினாள். முதலாளியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. சாவி இன்னும் அந்த மேஜைமேல்தான் கிடந்தது.